ரிலே டெஸ்ட்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: கல்லூரி லேபில் வெந்நீர்த் தொட்டிக்கு ரிலே டெஸ்ட் செய்தேன்; அதாவது வெப்பநிலை, வேண்டிய அளவான செட் பாயின்ட்டைத் தாண்டும்போதெல்லாம் ஹீட்டரை இரண்டு நிலைகளுக்கிடையே மாற்றும் சோதனை. ஹீட்டர் 60 சதவீதம், 20 சதவீதம் என்று மாறி மாறி ஓடியது. வெப்பநிலை செட் பாயின்ட்டுக்கு 2 டிகிரி மேலும் கீழும் ஆடியது. ஓர் ஆட்டத்துக்கு 8 நிமிடம். வழக்கமான சூத்திரத்தில் டைம் கான்ஸ்டன்ட் (ஆரம்ப வேகத்திலேயே போனால் இறுதி வெப்பநிலையை எட்ட ஆகும் நேரம்) 16 நிமிடம் வருகிறது. ஹீட்டரை ஒரே படியாக மாற்றிவிட்டுக் காத்திருந்து பார்க்கும் ஸ்டெப் டெஸ்டிலோ 20 நிமிடம். கெயின் (ஹீட்டர் மாற்றத்துக்குக் கடைசியில் கிடைக்கும் வெப்பநிலை மாற்றம்), ஒரு சதவீதத்துக்கு 1 டிகிரி. எதை நம்புவது?
– பொறியியல் மாணவி

பதில்: 20-ஐ நம்புங்கள். உங்கள் டெஸ்டில் தப்பில்லை, சூத்திரத்தில்தான் சங்கதி. 1984-இல் ஸ்வீடனின் ஆஸ்ட்ரோமும் ஹேக்லுண்டும் இந்த டெஸ்டை முன்வைத்தது, வெப்பநிலை போன்றவற்றைத் தானே நிலையாக வைக்கும் பி.ஐ.டி. கன்ட்ரோலரை ட்யூன் செய்ய. அந்தச் சூத்திரம், ஆடுவது சைன் அலை என்று வைத்துக்கொள்கிறது. உங்கள் கிராஃபை எடுத்துப் பாருங்கள்: ரம்பப் பல் மாதிரி முக்கோணமாக இருக்கும். முக்கோண அலையில் இருக்கும் அடிப்படை சைன், உச்சத்தில் 81 சதவீதம்தான். சூத்திரமோ முழு உச்சத்தையும் சைன் என்று எடுப்பதால், டைம் கான்ஸ்டன்ட்டும் அதே விகிதத்தில் குறைந்து வருகிறது. 20-இல் 81 சதவீதம் எவ்வளவு? அதே 16!

முக்கோணத்தையே நேராகப் படியுங்கள். வெப்பநிலை செட் பாயின்ட்டைத் தாண்டியதும் ஹீட்டர் குறைகிறது. ஆனால் டெட் டைம் (ஹீட்டர் மாறியது வெப்பநிலையில் தெரிய ஆகும் தாமதம்) முடியும்வரை வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறது. அது கால் ஆட்டம், அதாவது 2 நிமிடம். அதற்குள் 2 டிகிரி; ஆக வேகம் நிமிடத்துக்கு 1 டிகிரி. நடுவான 40-இலிருந்து ஹீட்டரின் 20 சதவீத விலகல் கடைசியில் 20 டிகிரி தரும். 20-ஐ 1-ஆல் வகுத்தால் டைம் கான்ஸ்டன்ட் 20 நிமிடம். டெட் டைம் சிறியதாக இருக்கும்வரைதான் இந்தக் குறுக்குவழி. பெரிதானால் அலை சதுரத்தை நோக்கிப் போகும், சூத்திரப் பிழையும் எதிர்ப்பக்கம் திரும்பும்.

சமச்சீர் ரிலே தருவது வீச்சு, காலம் என்று இரண்டே எண்கள். மூன்றாவதான கெயினை நீங்கள் ஸ்டெப் டெஸ்டிலிருந்து எடுத்தீர்கள். ஆலையில் அதற்கு அனுமதி கேட்டால் ஷிஃப்ட் இன்சார்ஜ் முகம் சுளிப்பார். (நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.) அங்கே ரிலேயை 70, 20 என்று, 40-க்கு மேலே 30, கீழே 20 ஆகக் கோணலாக வையுங்கள். ஆட்டம் நிலைபெற்றபின் ஒரு முழு ஆட்டத்தின் சராசரி வெப்பநிலை, டெஸ்டுக்கு முந்தைய நிலையிலிருந்து எவ்வளவு விலகியதோ அதை, ஹீட்டர் சராசரியின் விலகலால் வகுத்தால் கெயின்.

அப்புறம், சென்சாரில் இரைச்சல் இருந்தால் ரிலே படபடக்கும். இரைச்சலைவிட அகலமாகக் கொஞ்சம் ஹிஸ்டெரிசிஸ் கொடுங்கள்; அதாவது செட் பாயின்ட்டைக் கொஞ்சம் தாண்டிய பிறகே ரிலே மாறட்டும். கொடுத்தால் கால் ஆட்டக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.