புள்ளைங்க வேர்க்க விறுவிறுக்க விளையாடட்டும்: வாசகர் கேள்விகள், டீச்சர் பதில்கள்

(உடற்கல்வி ஆசிரியையா வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க, சின்னப் புள்ளைங்களோட விளையாட்டு, உடம்பு பத்தின கேள்விகளுக்குப் பதில் சொல்றாங்க.)

கேள்வி: டீச்சர், நாங்க அம்பத்தூர்ல மூணாவது மாடில ரெண்டு ரூம் வாடகை வீட்ல இருக்கோம். பொண்ணுக்கு 4 வயசு, பகல்ல ப்ளே ஸ்கூல்ல இருக்கா. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம், நான் வீட்டுக்கு வர ஆறரை ஆயிடும். இந்த வயசுல தினமும் 3 மணி நேரம் ஓடியாடணும்னு படிச்சதுலேர்ந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. கீழ பார்க்கிங்ல விளையாடினா ஹவுஸ் ஓனர் சத்தம் போடுறாங்க. போன் கொடுத்தாத்தான் ஒரு இடத்துல உக்காருறா. – வாசகி, அம்பத்தூர்

பதில்: நீங்க படிச்சது சரிதாம்மா. உலக சுகாதார நிறுவனம் 2019-ல 5 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்களுக்குன்னு தனியா வழிகாட்டுதல் கொடுத்துச்சு, அதுல 3, 4 வயசுக்கு 180 நிமிஷம், அதுக்குள்ள 60 நிமிஷமாவது மூச்சு வாங்கற மாதிரி ஓட்டம்னு இருக்கு. ஆனா அது ஒரே மூச்சுல 3 மணி நேரம் இல்ல, நாள் பூரா சிதறிக் கிடக்கற நிமிஷத்தை எல்லாம் கூட்டித்தான் 180. உங்க பொண்ணு மூணு மாடி ஏறி இறங்கறது, குளிக்கறப்ப குதிக்கறது, ஸ்கூல்ல ஓடறது எல்லாம் கணக்குதான். முதல்ல அவ போற ப்ளே ஸ்கூல்ல ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் வெளிய விடறாங்கன்னு கேளுங்க, பகல் பூரா அவ அங்கதான இருக்கா, அங்க உக்கார வெச்சு எழுத மட்டும்தான் விடறாங்கன்னா சாயங்காலம் நீங்க எவ்ளோ ஓடினாலும் ஈடு கட்ட முடியாது.

வீட்ல ஹால் தரைல சாக்பீஸால பாண்டிக் கட்டம் போட்டுடுங்க, நாலு வயசுக்கு நொண்டி சரியா வராது, ரெண்டு காலால குதிச்சாப் போதும். பழைய பேப்பரைக் கசக்கி உருண்டை பண்ணி பக்கெட்ல எறியச் சொல்லுங்க, பக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளி வைங்க. பலூனைத் தரைல விழாம தட்டற விளையாட்டுல பத்து நிமிஷத்துல வேர்த்துடும் (வெடிச்ச பலூன் துண்டை உடனே பொறுக்கிடுங்க, வாயில போட்டா மூச்சு அடைச்சிடும்). காய்கறிப் பைலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்து ஓடிப்போய் ஃப்ரிட்ஜ்கிட்ட வைக்கறதும் அவளுக்கு விளையாட்டுதான். கைப்பிடிச் சுவர் உசரமா இருந்தா மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆனா நீங்களும் கூடவே நிக்கணும்.

போன் கொடுத்தாத்தான் உக்காருறான்னு எழுதியிருக்கீங்க, நாலு வயசுப் புள்ள உக்காந்தே இருக்கணும்னு நாம ஏன் ஆசைப்படறோம்? நமக்கு அசதி, அதுதான் காரணம், அது எனக்குப் புரியுது. அதனால போனே கூடாதுன்னு சொல்ல மாட்டேன், அதே வழிகாட்டுதல்ல இந்த வயசுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம், கம்மியா இருந்தா இன்னும் நல்லதுன்னு இருக்கு. நீங்க வந்ததும் முதல் இருபது நிமிஷம் அவகூட விளையாடிட்டு அப்புறம் சமைக்கப் போங்க, ஒண்ணும் கெட்டுப்போகாது.

கேள்வி: பையனுக்கு 7 வயசு, கொஞ்சம் குண்டா இருக்கான். சொந்தக்காரங்க எல்லாம் கிண்டல் பண்றாங்க. வெயிட் குறையட்டும்னு காலைல 5 மணிக்கு எழுப்பி தெப்பக்குளத்தைச் சுத்தி என்கூட வாக்கிங் கூட்டிட்டுப் போறேன், தினமும் அழறான். – வாசகர், மதுரை

பதில்: சார், அந்த வாக்கிங்கை நிறுத்திடுங்க. புள்ள ராத்திரி பத்து மணிக்குப் படுக்கறான்னு வெச்சுக்கிட்டா, அஞ்சுக்கு எழுப்பினா ஏழு மணி நேரம்தான் தூக்கம், இந்த வயசுக்கு 9-லேர்ந்து 12 மணி நேரம் வேணும், தூக்கம் குறைஞ்சாலே எடை ஏற வாய்ப்பு இருக்கு. வாக்கிங்ங்கறது பெரியவங்க சமாச்சாரம், புள்ளைங்க ஒரே வேகத்துல அரை மணி நேரம் நடக்க மாட்டாங்க, விருட்டுன்னு ஓடுவாங்க, நிப்பாங்க, குனிஞ்சு எறும்பைப் பார்ப்பாங்க, மறுபடி ஓடுவாங்க, அவங்க உடம்புக்கு அதுதான் சரி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு பந்தை எடுத்துக்கிட்டு ரேஸ் கோர்ஸ் கிரவுண்ட் பக்கமோ தெருமுனைக்கோ கூட்டிட்டுப் போங்க, கூட விளையாட இன்னும் ரெண்டு பசங்க இருந்தா நீங்க வீட்டுக்குப் போலாம்னு கூப்பிட்டாலும் வர மாட்டான். அஞ்சு வயசுக்கு மேல சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷம் நல்லா ஓடியாடினாப் போதும், அதுல வாரத்துல மூணு நாளாவது குதிக்கறது, ஏறுறது, தொங்கறது மாதிரி எலும்புக்கும் தசைக்கும் வேலை இருக்கணும்.

எடையைப் பத்தி அவன்கிட்ட பேசவே பேசாதீங்க. குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் உயரம், எடை ரெண்டையும் வளர்ச்சி சார்ட்ல குறிச்சுப் பாருங்க, வளர்ற புள்ளைக்குப் பல நேரம் எடையைக் குறைக்கவே வேண்டியதில்ல, ஏறாமப் பார்த்துக்கிட்டா உயரம் வந்து ஈடு பண்ணிடும். பட்டினி போடறது, அவன் தட்டுல மட்டும் சோத்தைக் குறைக்கறது எல்லாம் வேணாம். பாட்டில் ஜூஸ், பாக்கெட் சிப்ஸ் வீட்டுக்கே வர வேணாம், அது உங்களுக்கும் சேர்த்துத்தான். கிண்டல் பண்ற சொந்தக்காரங்ககிட்ட அவன் காதுல விழற மாதிரியே "என் புள்ளையை அப்படிக் கூப்பிடாதீங்க"ன்னு சொல்லுங்க. அப்பா நம்ம பக்கம் இருக்காருன்னு தெரியறது அந்தப் புள்ளைக்கு ரொம்ப முக்கியம் சார்.

கேள்வி: பேரனுக்கு 6 வயசு, வீசிங் இருக்கு. ஓடினா மூச்சு இழுக்கும்னு பயந்து விளையாடவே விடறதில்ல. சரியாம்மா? – ஒரு பாட்டி, திருநெல்வேலி

பதில்: பயம் நியாயம்தாம்மா, ஆனா வீசிங் கட்டுப்பாட்டுல இருக்கற புள்ளைங்க எல்லா விளையாட்டும் விளையாடலாம். ஓடறதுக்கு முன்னாடி இன்ஹேலர் எடுக்கணுமான்னு அவனோட டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, விளையாட ஆரம்பிச்சதுமே வேகமா ஓட விடாம, முதல்ல மெதுவா நடந்து, அப்புறம் ஓடட்டும். தூசியும் புகையும் இருக்கற எடம் வேணாம். விளையாடற எடத்துக்கு இன்ஹேலர் கூடவே போகணும், ஸ்கூல் டீச்சருக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கணும். விளையாடறப்ப அடிக்கடி இருமினாலோ இழுத்தாலோ மருந்து அளவை மறுபடி பார்க்கணும்னு அர்த்தம், டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ரெண்டாம் வகுப்பு, 35 புள்ளைங்க. எங்க ஸ்கூல்ல பிடி சார் கிடையாது. 'உடற்பயிற்சி செய்தால் உடல் நலம் பெறும்'னு கோரஸா சொல்றாங்க, மனசுல ஏறின மாதிரி தெரியல. எப்படிச் சொல்லித் தரலாம்? – வாசகி, விழுப்புரம்

பதில்: வாயால சொன்னா ஏறாதும்மா, உடம்பால தெரியணும். எல்லாரையும் உக்கார வெச்சு உள்ளங்கையை நெஞ்சுல வைக்கச் சொல்லுங்க. பாதிப் பேருக்கு ஒண்ணும் தெரியாது, "டீச்சர் எனக்கு இல்ல"ம்பாங்க. அப்புறம் ஒரு நிமிஷம் நின்ன எடத்துலயே குதிக்கச் சொல்லி மறுபடி கை வைக்கச் சொல்லுங்க. அந்த நேரம் அவங்க மூஞ்சியைப் பாருங்க, கண்ணு விரியும், பக்கத்துப் புள்ள கையை இழுத்துத் தன் நெஞ்சுல வெச்சுக் காட்டுவாங்க. இப்ப சொல்லுங்க, மூடின உன் கை அளவுதான் உன் இதயம், நீ குதிக்கறப்ப காலுக்கு நிறைய ரத்தம் வேணும், அதான் வேகமா வேலை செய்யுது, தினமும் இப்படி வேலை செஞ்சா அது பலமாகும். இதை அந்தப் புள்ள வீட்ல போய் தாத்தாவுக்கும் சொல்லிக் கொடுக்கும்.

விளையாட்டைத் தேர்ந்தெடுக்கறப்ப ஒண்ணு கவனிங்க. 'அவுட்' ஆனவங்க வெளிய உக்காரணும்ங்கற விளையாட்டுல மெதுவா ஓடற புள்ளதான் முதல்ல அவுட், யாருக்கு ஓட்டம் ரொம்ப வேணுமோ அந்தப் புள்ள பீரியட் பூரா திண்ணைல உக்காந்திருக்கும். அதனால லாக் அண்ட் கீ மாதிரி, தொட்டா நின்னு, இன்னொருத்தர் தொட்டதும் மறுபடி ஓடற விளையாட்டா வைங்க. தொட்டவங்க எல்லாம் கை கோத்து சங்கிலியா துரத்தறதும் நல்லா இருக்கும், 35 பேரும் ஓடுவாங்க, பைசா செலவில்ல.

காலைல பிரேயர் முடிஞ்சு பத்து நிமிஷம், மதியம் வெயில் தாழ்ந்து கடைசி பீரியட்ல இருபது நிமிஷம் வைங்க, தண்ணி குடிக்க வெச்சுட்டு விடுங்க. வெளிச்சத்துல விளையாடறது கண்ணுக்கும் நல்லது, கிட்டப்பார்வை வர்றதைக் குறைக்கணும்னு தைவான்ல 2010-லேர்ந்து ஸ்கூல் புள்ளைங்களை தினமும் 120 நிமிஷம் வெளிய விடச் சொல்லித் திட்டமே போட்டாங்க.

கைகூப்பிக் கேட்டுக்கறேன், லேட்டா வந்ததுக்கு கிரவுண்டைச் சுத்தி ஓடு, ஹோம்வொர்க் எழுதாததுக்கு தோப்புக்கரணம் போடுன்னு தண்டனையாக் கொடுக்காதீங்க, கொடுத்தா ஓடறதுன்னாலே அடி வாங்கறதுன்னு அந்தப் புள்ள மனசுல பதிஞ்சிடும். அதே மாதிரி படிக்கலைன்னா விளையாட்டு கிடையாதுன்னும் சொல்லாதீங்க.

கேள்வி: பால்ல கலக்கற எனர்ஜி பவுடர் கொடுத்தாத்தான் பையன் சுறுசுறுப்பா விளையாடுவானா? – வாசகி, ஈரோடு

பதில்: தேவையில்லம்மா. டப்பாவுக்குப் பின்னாடி சின்ன எழுத்துல சர்க்கரை எவ்ளோன்னு படிச்சுப் பாருங்க. 2024 ஏப்ரல்ல மத்திய அரசே இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' லிஸ்ட்லேர்ந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்துச்சு. வெறும் பால் போதும். விளையாடிட்டு வந்ததும் தண்ணியும் ஒரு வாழைப்பழமோ அவிச்ச வேர்க்கடலையோ கொடுங்க, ராத்திரி தானா பசிச்சு சாப்பிடுவான்.