பிறர் எடுத்த படங்களை ஃபோட்டோஷாப்பில் வெட்டி ஒட்டுவது கலையாகுமா?

உங்கள் வேலையைப் பார்த்த யாரோ முகத்தைச் சுளித்த பிறகுதான் இந்தக் கேள்வியை இங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒரு கண்காட்சியின் தேர்வுக் குழுவினர் பல படங்களை வெட்டி ஒட்டி நான் உருவாக்கிய கொலாஜைப் பார்த்துவிட்டு, "இதில் நீங்கள் செய்தது எது?" என்று என்னிடமும் கேட்டார்கள்.

பதிப்புரிமை காலாவதியான மருத்துவ நூல் ஒன்றிலிருந்த உடற்கூற்றுப் படத்தை, நான் எடுத்த ஒரு மர நாற்காலியின் படத்தில் உட்கார வைத்திருந்தேன். நூலில் இருந்த உருவத்துக்கு வலப்பக்கத்திலிருந்து ஒளி விழுந்தது, நாற்காலிக்கோ இடப்பக்கத்திலிருந்து. உருவத்தைத் திருப்பிப் போட்டால் ஒளி பொருந்திவிடும், ஆனால் இதயம் தவறான பக்கத்துக்குப் போய்விடும் என்பதால், நாற்காலியைத் திருப்பி, தரையில் விழும் நிழலைத் தனி லேயரில், அதாவது படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கில், புதிதாக வரைந்தேன். தோள்பட்டையில் மட்டும் வெட்டிய விளிம்பை மறைக்காமல் விட்டேன். ஒட்டிய படம் ஒட்டிய படமாகவே தெரிய வேண்டும் என்பது என் கொள்கை. நான் செய்தது இவ்வளவும்தான்.

கணினி வந்து கலையைக் கெடுத்துவிட்டது என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது 1990இல். முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து புகைப்படக் கலைஞர் ஆஸ்கர் ரெய்லாண்டர் ஒரே படமாக அச்சிட்டது 1857இல். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பெர்லினில் ஹன்னா ஹோக் என்ற கலைஞர் பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து ஒட்டிய படைப்புகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒட்டப்பட்ட படங்களும் பிறர் எடுத்தவையே.

ஒட்டியதெல்லாம் கலை என்று நான் வாதிடுவதாகத் தயவுசெய்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தேர்வும் பொருத்தமும் இல்லாத ஒட்டுவேலை ஏராளமாக உண்டு. ஆனால் என் படைப்பை 'வரைகலை' என்று ஓரங்கட்டிய அதே குழு, வானத்தை முழுவதுமாக மாற்றியிருந்த ஒரு நிலக்காட்சியைப் புகைப்படப் பிரிவில் தொங்கவிட்டது. அதில் மேகங்களுக்கு ஒரு திசையிலிருந்தும் மரங்களுக்கு எதிர்த்திசையிலிருந்தும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கலை என்று ஒப்புக்கொள்ளப்பட்டாலும் உரிமைச் சிக்கல் தீராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை ஆதாரமாகக் கொண்டு ஓவியர் ஆண்டி வார்ஹோல் உருவாக்கிய படத்தைப் பத்திரிகையில் வெளியிட உரிமம் வழங்கியது தொடர்பான வழக்கில், 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் புகைப்படத்தை எடுத்த லின் கோல்ட்ஸ்மித்தின் பக்கமே நின்றது. ஆகவே, விற்கும் எண்ணம் இருந்தால், நீங்களே எடுத்த படங்களையோ உரிமை காலாவதியான படங்களையோ பயன்படுத்துங்கள். மற்றவற்றுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.