வன்னியில் நிலம் அதிர்ந்ததா என்று எங்கே பார்ப்பது?

"வவுனியாவில் இருக்கிறேன், இரவு வீடு லேசாக ஆடினமாதிரி இருந்தது, பக்கத்தில் நிலநடுக்கம் வந்ததா என்று எதில் பார்க்கலாம்?" என்று கேட்டிருந்தீர்கள்.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் (USGS) இணையத்தில் வைத்திருக்கும் நிலநடுக்க வரைபடத்தைத்தான். நல்லது, ஆனால் திறந்தவுடன் அது காட்டுவது கடைசி ஒரு நாளில் 2.5 அளவும் அதற்கு மேலும் பதிவானவற்றை மட்டும். அமைப்புகளுக்குள் போய் ஏழு நாள், எல்லா அளவும் என்று மாற்றிவிடுங்கள். நேரம் உலகப் பொது நேரத்தில் (UTC) இருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டிப் பாருங்கள்.

அப்போதும் ஒன்றும் இல்லையா? அதை வைத்து நீங்கள் கனவு கண்டதாக முடிவுகட்ட வேண்டாம். நம் பக்கத்துச் சின்ன அதிர்வுகள் பெரும்பாலும் அதில் ஏறுவதில்லை. 2024 யூனில் வவுனியாப் பக்கம் ஆட்கள் உணர்ந்த அதிர்வின் அளவே 2.3தான். இந்த மாதிரியானவற்றைப் பிடிப்பது நம் நாட்டுப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். பல்லேகலை, ஹக்மனை, புத்தங்கல, மகாகனதராவ ஆகிய இடங்களில் அவர்களுடைய கருவிகள் இருக்கின்றன. மகாகனதராவ மிகிந்தலைக்குக் கிட்ட. வன்னிக்குப் பக்கமான நிலையம் அதுதான். அவர்கள் சொல்வது செய்திகளில் வரும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டியதுதான்.

சரி, இந்த மண்ணில் அதற்கு முதல் இன்னொரு கேள்வி இருக்கிறதே: வெடியா? கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் எடுத்ததைச் சேர்த்து வெடிக்க வைத்தால் தள்ளியிருக்கிற வீட்டு யன்னலும் கிணுகிணுக்கும். ஆனால் அது பகல் வேலை, ஒரே 'டம்'மோடு முடிந்துவிடும். கல்குவாரி வெடியும் அப்படித்தான். மணல் டிப்பர் என்றால் இரைச்சல் கிட்ட வந்து விலகிப்போகும். இரவில் எந்த வாகனமும் போகாமல், நிலத்துக்குள் உறுமுகிறமாதிரிக் கேட்டு, கூரைத் தகரமும் அலுமாரிக் கோப்பைகளும் சில விநாடி சேர்ந்து நடுங்கினால் நிலநடுக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

முல்லைத்தீவுக் கரையில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கு வேறு கணக்கு. பக்கத்தில் வருவதைவிட சுமாத்திராவில் வருவதுதான் அவர்களுக்கு முக்கியம். 2004இல் அங்கே வந்த நிலநடுக்கத்தின் அளவு 9.1; சுனாமி இங்கே வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. 2012 ஏப்ரலில் 8.6, சுனாமி எச்சரிக்கையும் விட்டார்கள். கடலடித் தட்டு மேலெழும்பாமல் பக்கவாட்டில் நழுவியதால் பேரலை வரவில்லை. போனில் நிலநடுக்கங்களை அறிவிக்கும் லாஸ்ட்குவேக் (LastQuake) செயலி போட்டுவைத்தால் இவற்றின் தகவல் உடனே வரும். சுமாத்திராப் பக்கம் பெரிதாக ஏதும் கண்டால் வரைபடத்தோடு மினக்கெடாமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அடியுங்கள்.