பெரியப்பா தவணை கட்டப்போவதில்லை

மகள் கணினி அறிவியல் இறுதியாண்டில் இருக்கிறாள். ஜாவாவில் ஈடுபாடு, அதிலும் பிறர் எழுதிய நிரலில் பிழை தேடுவதென்றால் நேரம் போவதே தெரியாது என்கிறீர்கள். அவள் பெரியப்பாவோ, “ஜாவா பழங்கதை, செயற்கை நுண்ணறிவில் முதுநிலை சேர்த்துவிடுங்கள்” என்கிறாராம். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா.

வைக்காதீர்கள். தவணையைப் பெரியப்பா கட்டப்போவதில்லை. அவள் கேட்காத படிப்புக்குக் கடன் வாங்குவது இரட்டை நஷ்டம்.

யாரும் பேசாத ஒரு வேலையைச் சொல்கிறேன். பெரிய நிறுவனங்களின் உள்போர்ட்டலில், அதாவது ஊழியர்களுக்கான இணையவாசலில், விடுப்பு, சம்பளச் சீட்டு, ஒப்புதல் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். பின்னால் ஒன்று ஸ்ட்ரட்ஸில், ஒன்று ஜேஎஸ்எஃபில், இன்னொன்று ஸ்பிரிங்கில் என, ஜாவாவில் இணையச் செயலி எழுத உதவும் வெவ்வேறு கட்டமைப்புகளில், வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் எழுதியவை. பக்கம் முழுவதும் தனக்கே என்று எண்ணி எழுதிய செயலியை, ஒரு மூலையில் அடங்கி வாழப் பழக்க வேண்டும். அப்படி அடங்கும் சிறு செயலிக்குப் போர்ட்லெட் என்று பெயர். கூட்டுக்குடும்பத்தில் மருமகளாக நுழைவதைப் போன்றதுதான்.

போர்ட்லெட்டுகளுக்காக 2003இல் வந்த ஜேஎஸ்ஆர் 168 என்ற ஜாவா விதிமுறை, பயனர் சொன்னதைச் செய்யும் செயல் கட்டத்தையும், திரையில் வரையும் காட்சிக் கட்டத்தையும் பிரித்துவிட்டது. பயனர் பொத்தானை அழுத்தினால் அந்தப் போர்ட்லெட்டின் செயல் ஒரு முறை நடக்கும். பிறகு பக்கத்திலுள்ள மற்றவையும் தங்களை மறுபடி வரைந்துகொள்ளும். விடுப்பு விண்ணப்பத்தைக் காட்சிக் கட்டத்திலேயே தரவுத்தளத்தில் எழுதும் பழைய நிரலை அப்படியே கொண்டுவந்து வைத்தால், பக்கத்துப் போர்ட்லெட்டில் யாரோ அழுத்தியதற்கு இங்கே இன்னொரு விடுப்பு பதிவாகும்! ஜேஎஸ்எஃபுக்குக் கோரிக்கையைப் படிப்படியாகக் கையாளும் தனி வாழ்க்கைச் சுழற்சி இருப்பதால், அதைப் போர்ட்லெட்டோடு இணைக்க நடுவில் ஒரு பாலம் தேவைப்பட்டது. அந்த விதிமுறையின் அடுத்த பதிப்பாக 2008இல் வந்த ஜேஎஸ்ஆர் 286, போர்ட்லெட்டுகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப வழிசெய்தது. ஸ்பிரிங்கோ 2017இல் தன் ஐந்தாம் பதிப்பில் போர்ட்லெட் ஆதரவையே நீக்கிவிட்டது. அதை நம்பி எழுதியவற்றை யாராவது இடம் மாற்றித்தானே ஆகவேண்டும்?

போர்ட்லெட் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. புதிய திட்டங்கள் பெரும்பாலும் வேறு வழியில் போய்விட்டன. ஆனால் பழையதைப் படித்துப் புரிந்து புதியதோடு இணைக்கும் பொறுமை எங்கே போனாலும் விலைபோகும். உங்கள் மகளுக்கு அது இயல்பாகவே இருக்கிறது.

இதைப் பழகிப் பார்க்கக் கட்டணம் வேண்டாம். போர்ட்லெட்டுகளை இயக்கிப் பார்க்க உதவும் அப்பாச்சி புளூட்டோ என்ற மென்பொருள் இலவசம். சிறிய ஜேஎஸ்எஃப் செயலி ஒன்றை எழுதி அதில் பொருத்தட்டும். அதையே ஒரே பக்கத்தில் இரண்டு முறை வைக்கட்டும். பெயர்கள் மோதி, இரண்டாவது படிவத்தில் தட்டியது முதலாவதில் போய் விழக்கூடும். ஏன் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். நீங்களோ பெரியப்பாவோ அருகில் நிற்க வேண்டாம்.

எது உடைந்தது, எதனால், எப்படிச் சரியானது என்று இரண்டு பக்கம் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலுக்கு முன் அதை நீட்டட்டும்.