இயக்கத்தை நடத்துகிறவர் எங்கிருந்து வந்தார்: ரீச்சரிடம் கேள்வி பதில்

கட்சிக்கு வெளியே நின்று உரிமைக்காகக் குரல் கொடுக்கும் முற்போக்கு அமைப்புகளை நடத்தியவர்கள் யார், அதற்கு முன் அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. கேள்விகளை வந்த ஒழுங்கில், கேட்டவரின் ஊர்ப்பெயரோடு எடுக்கிறேன். நான் வரலாறு படிப்பித்தவள். சட்ட ஆலோசனையும் தேர்தல் கணிப்பும் என்னிடம் கேட்க வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி: ரீச்சர், மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். மூவ்ஓன் என்ற அமைப்பில் தொண்டராகச் சேரப் போகிறாளாம். அதை நடத்துகிற ஆட்கள் யார்? நம்பலாமா?

அதைத் தொடங்கியது ஒரு கணவனும் மனைவியும். வெஸ் பாய்ட், ஜோன் பிளேட்ஸ். கலிபோர்னியாவின் பெர்க்லியில் மென்பொருள் நிறுவனம் நடத்தியவர்கள். கணினியைச் சும்மா விட்டால் சிறகு முளைத்த டோஸ்டர்கள் திரையில் பறக்குமே, அது அவர்களுடைய நிறுவனம் விற்றதுதான். 1998இல் கிளின்டன் மீதான பதவிநீக்க விவகாரம் மாதக்கணக்கில் இழுபட்டது. ஜனாதிபதியைக் கண்டித்துவிட்டு நாட்டின் மற்ற வேலைகளைப் பாருங்கள் என்று ஒரு மனு எழுதி, தெரிந்தவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். இலட்சக்கணக்கில் கையெழுத்து விழுந்தது. அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

பிறகு வந்தவர் ஈலை பாரிசர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் போருக்கு அவசரப்படாதீர்கள் என்று இணையத்தில் மனுப் போட்ட இளைஞர். அப்போது அவருக்கு இருபது வயதுதான். அந்த மனுவே அவரை மூவ்ஓனுக்குள் கொண்டுவந்தது, பிறகு நிர்வாக இயக்குநராகவும் ஆக்கியது. 2019இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ரானா எப்டிங், தொழிற்சங்கத்தில் வேலை பார்த்தவர். முதலில் வியாபாரம் தெரிந்தவர்கள், பிறகு மனு எழுதத் தெரிந்தவர், பிறகு ஆட்களை ஒன்றுசேர்க்கத் தெரிந்தவர். அமைப்புக்கு எந்தக் காலத்தில் எது தேவைப்பட்டது என்பதை அதன் தலைவர்களை வைத்தே சொல்லிவிடலாம்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். வேட்பாளர்களுக்காக அவர்கள் திரட்டிச் செலவழிக்கும் பணத்தின் கணக்கை அந்த நாட்டுத் தேர்தல் ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். அது பொதுப் பதிவு, மகளே எடுத்துப் பார்க்கலாம். இன்னொன்று, எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தலைவரின் பட்டத்தை விடுங்கள். பட்டம் வாங்கியதற்கும் பதவி ஏறியதற்கும் நடுவில் உள்ள வருடங்களில் என்ன செய்தார் என்று பாருங்கள்.

ஏறாவூர்: ஒருவர் எந்த ஊர், எந்த ஆட்கள் என்று தெரியாமல் அவர் பின்னால் எப்படிப் போவது?

ஊர் தெரிந்தால் உறவு முறை தெரியும். அவர் என்ன செய்வார் என்பது தெரியாது. நடுவில் உள்ள வருடங்களைப் பாருங்கள்.

அக்கரைப்பற்று: எங்கள் வாப்பாவின் வாப்பா போடியாருக்கு, அதாவது பெரிய வயல்காரருக்கு, வயல் செய்தவர். நெற்காணிச் சட்டம் கொண்டுவந்த பிலிப் குணவர்தனவே பெரிய காணிக்காரரின் மகன் என்கிறார்கள். காணிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் குத்தகைக்காரனின் கஷ்டம் எப்படி விளங்கியது, ரீச்சர்?

நல்ல கேள்வி, தம்பி. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன்.

உண்மைதான். அவிசாவளைப் பக்கம் பொரலுகொடவில் பெரிய காணிக்காரக் குடும்பம். ஆனால் 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது இராணுவச் சட்டம் வந்தது, அவருடைய தகப்பனுக்கு மரண தண்டனை விதித்தார்கள், பிறகு தப்பினார். அப்போது பிலிப் பள்ளிக்கூடம் போகும் பையன். காணி இருந்தும் அரசாங்கத்தின் முன் வீடு ஒன்றுமில்லாமல் நின்றதை அந்த வயதில் பார்த்தவர். பிறகு அமெரிக்காவில் இலினோயிலும் விஸ்கொன்சினிலும் படித்தார். படித்தது விவசாயப் பொருளாதாரம். திரும்பி வந்து, 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். போர்க்காலத்தில் சிறையும் இருந்தார். 1956இல் விவசாய அமைச்சரானார், 1958இல் சட்டம் வந்தது. குத்தகைக்காரனை நினைத்தபோது வெளியேற்ற முடியாது, குத்தகை நெல்லுக்கு ஒரு வரம்பு உண்டு என்றது அந்தச் சட்டம்.

உங்கள் மூத்தப்பா காலத்து ஆட்கள் அடுத்த பகுதியையும் சொல்லியிருப்பார்கள். சட்டம் வருகிறது என்று தெரிந்ததும் பல இடங்களில் காணிக்காரர்கள் குத்தகைக்காரனைக் கூலிக்காரன் என்று காட்டினார்கள், அல்லது போகம் முடிய எழுப்பிவிட்டார்கள். அமைச்சரவைக்குள்ளும் எதிர்ப்பு. 1959இல் பிலிப் வெளியேறினார். தலைவர் எவ்வளவு படித்திருந்தாலும், வயல் வட்டையில் நின்று அதை நடத்திக் காட்ட ஒரு விவசாயிகள் அமைப்பு இல்லாவிட்டால் சட்டம் கடதாசியில்தான் கிடக்கும்.

கல்முனை, ஏ.எல். மாணவி: சமசமாஜக் கட்சித் தலைவர் என்.எம். பெரேரா லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்தானே? அப்போ படிப்புத்தானே அவரைத் தலைவராக்கியது?

மகள், ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார். லண்டன் பொருளியல் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1934-35இல் மலேரியா வந்தது, ஆயிரமாயிரமாகச் சனம் செத்தது. சூரிய மல் என்ற ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கத்து இளைஞர்கள் நிவாரணத்துக்குக் கிராமங்களுக்கு இறங்கினார்கள். ருவன்வெல்லைப் பக்கம் என்.எம். வீடு வீடாகப் பருப்புக் கொடுத்தார். சனம் அவருக்கு வைத்த பேர் 'பரிப்பு மஹத்தயா', பருப்பு ஐயா. 1936இல் அதே ருவன்வெல்லை அவரை அரசாங்க சபைக்கு, அந்தக் காலத்துச் சட்டசபைக்கு, அனுப்பியது. அந்த வாக்காளர்களில் எத்தனை பேருக்கு அவருடைய ஆய்வேடு என்னவென்று தெரிந்திருக்கும்? பரீட்சைக்கு எழுதும்போது பட்டத்தோடு நிறுத்தாமல் மலேரியாவையும் எழுது.

வாழைச்சேனை: ரீச்சர், எங்கள் பகுதியில் புதிதாக வந்திருக்கும் ஒரு உரிமை அமைப்பின் தலைவர் எந்த ஊர்க்காரர் என்று சொல்லுவீங்களா?

தனி ஆட்களைப் பற்றி நான் சொல்லமாட்டேன். ஊர் பற்றி ஏறாவூருக்குச் சொன்னதுதான் பதில்.

நிந்தவூர்: ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி ஒருவர் தொழிலாளர் அமைப்பை நடத்தலாமா?

பொன்னம்பலம் அருணாசலம் நடத்தினாரே. சிவில் சேவையில் இருந்தவர், 1901 குடிசன மதிப்பீட்டைப் பொறுப்பெடுத்துச் செய்தவர். ஓய்வுக்குப் பிறகு 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் தொடங்கினார். தோட்டத் தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறை என்ற நிலைக்கு எதிராக நின்றார்.

கல்லடி: மட்டக்களப்பு சமாதானக் குழுவில் அமெரிக்கப் பாதிரியார் ஹரி மில்லர் இருந்தார். எங்கள் துயரத்தைச் சொல்ல வெள்ளைக்காரர் ஏன்? எங்களுக்கு வாய் இல்லையா?

அவர் 1948இல் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தவர். 1990 வரும்போது அவருக்கு இங்கே நாற்பது வருடத்துக்கு மேல். காணாமல் போனவர்களின் தாய்மார் தேடி வந்தபோது பெயரை எழுதி வைத்தார். அந்த நாளில் பெயரை எழுதுகிற உள்ளூர்க்காரனின் பெயரும் காணாமல் போகக்கூடும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு ஓரளவு கவசம். முழுக் கவசமும் இல்லை: அதே இயேசு சபையைச் சேர்ந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார், அவரும் அமெரிக்கர், 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை.

கல்லடி: அப்போ வெளியாள்தான் வேணும் என்கிறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. உள்ளே இருந்து பேசியவர்களும் உண்டு. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு, யாழ்ப்பாணம். ரஜனி திராணகம உடற்கூற்றியல் துறைத் தலைவர். ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும் கணிதம் படிப்பித்தவர்கள். இராணுவம் செய்ததையும் இந்திய அமைதிப்படை செய்ததையும் எங்கள் ஆயுத இயக்கங்கள் செய்ததையும் ஒரே பேனாவால் எழுதினார்கள். 1989 செப்டம்பர் 21 ரஜனியைச் சுட்டுக் கொன்றார்கள். மற்றவர்கள் வீட்டை விட்டு ஒளிந்து வாழ்ந்து எழுதினார்கள். வாய் இருந்தது, தம்பி. அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துப் பேசுங்கள்.

காத்தான்குடி: ரீச்சர், குறுக்கே வருகிறேன். தலைவர் உள்ளூரோ வெளியூரோ, ஒரு பக்கத்து மையித்தை, செத்த உடலை, மட்டும் எண்ணினால் அது என்ன முற்போக்கு?

நீங்கள் சொல்வதுதான் சரி, காக்கா. நான் வகுப்பில் அந்த ஆண்டின் படுகொலைகளை ஒரே வரியில் எழுதிக் காட்டுவேன். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். ஆகஸ்ட் 12, ஏறாவூர். செப்டம்பர் 5, வந்தாறுமூலை வளாக அகதி முகாமிலிருந்து கொண்டுபோன 158 பேர். செப்டம்பர் 9, சத்துருக்கொண்டான். முதல் இரண்டிலும் பாதிக்கப்பட்டது முஸ்லிம் சனம், பின் இரண்டிலும் தமிழ்ச் சனம். ஆறு கிழமைக்குள் இவ்வளவும் ஒரே மாவட்டத்தில். இதில் ஒன்றை அழித்துவிட்டு மற்றதை வாசிக்கிற ஆள் எந்த அமைப்பின் தலைமைக்கும் தகுதியில்லை, அவர் எந்த ஊராக இருந்தாலும்.

பொத்துவில்: சரி, ஆனால் அந்தக் காலத்தில்...

இதை இங்கே நிறுத்துவோம். இது வேறாக ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டியது. இன்னும் கேள்விகள் கிடக்கின்றன.

செங்கலடி: பிரதமர் ஹரிணி அமரசூரியவின் பின்னணி?

கட்சி என் தலைப்பு இல்லை. ஒன்று மட்டும்: திறந்த பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர், கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு வீதம் கேட்டு 2012இல் நடந்த பல்கலைக்கழக ஆசிரியர் போராட்டத்தில் நின்றவர்.

ஆரையம்பதி: பெண்களைப் பற்றிக் கொஞ்சம்தானே சொன்னீங்கள்?

சுனிலா அபேசேகர பாடகியாக மேடை ஏறியவர். பிறகு வாழ்நாள் முழுக்க மனித உரிமை வேலை. 1998இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பரிசு பெற்றார். இங்கே மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், 1991இல் இடம்பெயர்ந்த பெண்களோடு வேலை செய்ததிலிருந்து முளைத்தது. அன்னையர் முன்னணியின் பூபதி அம்மா பட்டமும் பதவியும் இல்லாதவர், பத்துப் பிள்ளைகளின் தாய். 1988இல் மாமாங்கேஸ்வரர் கோயில் முன்றலில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் கேட்டு மார்ச் 19 உண்ணாவிரதம் இருந்தார், ஏப்ரல் 19 உயிர் போனது. பிறகு அவரை யார் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு. அவர் கேட்டது அந்த இரண்டும்தான்.

ஓட்டமாவடி: ஒரு தலைவர் எந்த ஆட்கள் என்று எப்படி விசாரிப்பது?

மேலே ஏறாவூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

சம்மாந்துறை: அமைப்பைப் பதிவு செய்ய என்ன படிவம்?

பிரதேச செயலகத்தில் கேளுங்கள். எனக்கு அது துறையில்லை.

திருக்கோவில்: கணவனைக் கடலிலும் சண்டையிலும் இழந்த பெண்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்குகிறோம். தலைவியாக ஒரு பட்டதாரிப் பிள்ளையைப் போடு என்கிறார்கள். போடட்டா, ரீச்சர்?

அந்தப் பிள்ளை கடந்த இரண்டு மூன்று வருடம் என்ன செய்தாள்? உங்கள் வீடுகளுக்கு வந்தாளா, விண்ணப்பம் எழுதித் தந்தாளா, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், உங்களோடு நின்றாளா? ஆம் என்றால் செயலாளராகப் போடுங்கள், கடிதங்களை அவள் எழுதட்டும். தலைவியாக உங்களில் ஒருவர் இருங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து வையுங்கள், இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. தலைமையை ஒரு ஆளிலேயே வைக்காமல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லோரும் ஒப்பம் வையுங்கள்.