14 வயது மகள் ராத்திரியெல்லாம் ஏஐ சாட்பாட்டோடு பேசுகிறாள். போனைப் பிடுங்கிவிடலாமா? அவள் தூங்கும்போது சாட்டைத் திறந்து படிக்கலாமா?

பிடுங்கினால் ஒரு வாரம் வீட்டில் சண்டை நடக்கும். அப்புறம் தோழியின் போனில் பேசுவாள். அதனால் பிடுங்க வேண்டாம். ஆனால் படுக்கப் போகும்போது போன் அவள் அறைக்குள் போகக் கூடாது, அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் பத்து மணிக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜுக்குப் போய்விடும். இதற்குப் பையனைவிட அதிகம் முனகியது அவன் அப்பாதான்.

நான் பெங்களூர் அல்சூரில் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன், எட்டாவதிலிருந்து பத்தாவது வரை. அம்மாவிடம் சொல்லாததைப் பிள்ளைகள் டியூஷன் ஆன்ட்டியிடம் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன், மனநலம் படித்தவள் இல்லை.

முதலில் அவள் எதோடு பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கேள்வியில் வெறுமனே ஏஐ சாட்பாட் என்று போட்டிருக்கிறீர்கள். சாட்ஜிபிடியிடம் பாடம் கேட்பது ஒன்று. காதலன், அண்ணன், அனிமே ஹீரோ என்று வேஷம் கட்டிப் பேசும் கேரக்டர் ஏஐ, ரெப்ளிகா மாதிரியான செயலிகள் வேறு. கேரக்டர் ஏஐயோடு மாதக்கணக்கில் பேசிவந்த 14 வயதுப் பையன் ஒருவன் 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் அம்மா வழக்குப் போட்டார். 2025 நவம்பரில் அந்த நிறுவனமே, 18 வயது ஆகாதவர்கள் கதாபாத்திரங்களோடு இஷ்டத்துக்கு அரட்டை அடிப்பதை நிறுத்திவிட்டது. உங்கள் மகள் பேசுவது இந்த வகையோடு என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், செயலியை எடுத்துவிடச் சொல்வேன். காரணத்தைச் சொல்லி, அவள் கையாலேயே எடுக்க வையுங்கள்.

ஆனால் பெரும்பாலும் நடப்பது இதுவல்ல. பாடத்துக்கென்று திறந்த சாட்பாட்டே மெல்ல மெல்ல சிநேகிதி ஆகிவிடுகிறது. நாம் கடைக்குப் போய் வாங்கி வந்ததும் இல்லை. 2024இல் வாட்ஸ்அப்பில் மெட்டா ஏஐ வட்டம் தானாக வந்து உட்கார்ந்தது. 2025இல் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ செயலியின் காசு கட்டும் வகையை ஒரு வருஷம் சும்மாவே கொடுத்தது.

என்னிடம் படிக்கும் ஒரு பெண், தோழியோடு சண்டை வந்தால் முதலில் சாட்பாட்டிடம்தான் போவாள். என்ன நடந்தது என்று அவள் பக்கத்துக் கதையைச் சொல்வாள். "நீ வருத்தப்படுவது நியாயம்தான்" என்று அது ஆரம்பிக்கும். தோழிக்கு அனுப்ப வேண்டிய மெசேஜையும் அதுவே எழுதித் தரும். ஒரு தடவை தோழி அதைப் படித்துவிட்டு, "இது நீ எழுதினதா?" என்று கேட்டுவிட்டாள். சண்டை இன்னும் பெரிதாகிவிட்டது. அந்தப் பெண் என்னிடம் வந்து அழுதபோது ஒன்று செய்யச் சொன்னேன். புது உரையாடல் திறந்து, நீயே உன் தோழி என்று வைத்துக்கொண்டு, அதே சண்டையை அவள் பக்கத்திலிருந்து சொல்லிப் பார். செய்தாள். அவளுக்கும் அதே ஆறுதல், அதே நியாயம். "ரெண்டு பேருக்கும் ஆமாம் சாமி போடுது ஆன்ட்டி" என்றாள். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இது அவள் மண்டையில் ஏறியிருக்காது. உங்கள் மகளோடும் இதைச் செய்து பாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து. இந்தக் குணம் கம்பெனிகளுக்கும் தெரியும். பயனரை அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்பதற்காக 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ அதன் ஒரு புதுப்பிப்பையே திரும்பப் பெற்றது.

புத்தியில்லாத பெண் என்று திட்டிவிடாதீர்கள். 1966இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற சாதாரண உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்கியதைக் கூடவே இருந்து பார்த்த செயலாளரே, அதோடு கொஞ்சம் பேசியதும், அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். பெரியவர்களே விழுந்த இடம் இது.

எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளிடம் இன்னொன்றும் பார்க்கிறேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். மனசில் இருப்பதைச் சொல்ல அவர்களுக்கு வருவது இங்கிலீஷ்தான். அம்மாவிடம் தமிழில் "ஒண்ணுமில்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாட்டி வேலூரிலோ சேலத்திலோ இருக்கிறார், லீவுக்குத்தான் பார்க்க முடியும். அப்பா அம்மா சில்க்போர்டு டிராஃபிக்கைத் தாண்டி வீடு வந்து சேர எட்டு மணி. நடுவில் கேட்க ஆள் இல்லாத நேரத்தை அந்தச் சாட்பாட் நிரப்புகிறது. அதனால் மகள் பாதி இங்கிலீஷில் கொட்டினால் "ஒழுங்கா தமிழ்ல சொல்லு" என்று அந்த நேரத்தில் திருத்தாதீர்கள். உடனே அறிவுரையும் வேண்டாம். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள், நிறைய வரும்.

சாட்ஜிபிடி என்றால் 2025 செப்டம்பரிலிருந்து பெற்றோர் கணக்கைப் பிள்ளை கணக்கோடு இணைக்கலாம். எந்த நேரத்தில் வேலை செய்யக் கூடாது என்று வைக்கலாம், பழைய பேச்சை நினைவில் வைப்பதை நிறுத்தலாம். உரையாடலைப் படிக்க முடியாது. அவள் இணைப்பைத் துண்டித்தால் உங்களுக்குத் தகவல் வரும்.

அவள் தூங்கும்போது சாட்டைத் திறந்து படிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் படிக்க மாட்டேன், அது டைரி மாதிரி. தெரிந்துவிட்டால் அப்புறம் உங்களிடம் எதுவுமே வராது. ஆனால் சாப்பாடு குறைகிறது, பள்ளிக்குப் போக மறுக்கிறாள், தோழிகளை விட்டு விலகுகிறாள், இருந்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி பேசுகிறாள் என்றால் கதை வேறு. அப்போது நேராகக் கேளுங்கள், பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டே பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், பெற்றோரும் கூப்பிடலாம். நீங்களும் பெங்களூரில்தான் என்றால், நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் போன், இணையப் பழக்கத்துக்கென்றே 2014இலிருந்து ஷட் கிளினிக் நடக்கிறது. மகளைக் கூட்டிப்போவதற்கு முன் நீங்கள் மட்டும் ஒருமுறை 14416இல் பேசிவிடுங்கள்.