தொல்பற்களும் பண்டைய பருவநிலையும்: வாசகர் கேள்விகள்

எலும்புகள் ஏராளமாகக் கிடைக்கையில் பல்லையே ஏன் தேடுகிறீர்கள்?

பல்லின் கெட்டியான மேலுறையான பற்சிப்பியில் சுமார் 96 சதவீதம் கனிமம்; அதனால் மண்ணில் எளிதில் மாறாது. எலும்போ நுண்துளைகள் மலிந்தது. மண்ணில் கிடக்கும் காலமெல்லாம் நிலத்தடி நீரின் கார்பனேட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதைச் சோதித்தால் விலங்கு தின்ற தீனியை விட்டுவிட்டு, அது புதைந்த மண்ணை அளந்தவர்களாவோம்.

சிவாலிக் பகுதியில் புல்வெளி பரவியதைக் குதிரைப் பற்கள் எவ்வாறு காட்டின?

இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் பாறையடுக்குகள் உள்ள பாகிஸ்தானின் போத்வார் பீடபூமியில் கிடைத்த, ஹிப்பாரியன் என்னும் அழிந்துபோன குதிரையினத்தின் பற்களில் உள்ள கார்பன்-13 (கார்பனின் சற்றுக் கனமான வகை) அளவுதான் காட்டியது. மரம், புதர் போன்ற சி3 தாவரங்களை மட்டுமே தின்ற விலங்கின் பற்சிப்பியில் இந்த அளவு, ஒப்பீட்டுத் தரத்தோடு பார்க்கையில், ஆயிரத்துக்கு மைனஸ் 13-ஐ ஒட்டியும், வெப்பமண்டலப் புற்களான சி4 தாவரங்களை மட்டுமே தின்றதன் பற்சிப்பியில் பிளஸ் 1-ஐ ஒட்டியும் இருக்கும். சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை சி3 பக்கம் நின்ற அளவுகள், அடுத்த 20 லட்சம் ஆண்டுகளில் சி4 பக்கம் நகர்ந்துவிட்டன. இது தீனி மாறியதற்கான சான்று, வெப்பமானி அன்று. புல்வெளி பரவக் காரணம் பருவமழையின் போக்கு மாறியதா, கரியமில வாயு குறைந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு.

ஆற்றோரம் எடுத்த பல்லின் படத்தை இணைத்துள்ளேன். அக்காலத்தில் எத்தனை டிகிரி வெப்பம் நிலவியது?

சொல்ல முடியாது. எந்த ஆறு, எந்த மண்ணடுக்கு, பல் பதிந்திருந்ததா அல்லது வெள்ளம் கொண்டுவந்து போட்டதா என ஒரு வரிகூட எழுதாமல் வெப்பநிலை கேட்டால் நான் என்ன செய்வது? முன்பொரு முறை சேகரிப்பாளர் ஒருவர் பிஸ்கட் டப்பா நிறையப் பற்களை அனுப்பியிருந்தார். உடைந்தவற்றைப் பசையிட்டு ஒட்டி, அனைத்துக்கும் வார்னிஷ் பூசி, ‘மிகப் பழையவை’ என்று ஒரே துண்டுச்சீட்டை வைத்திருந்தார். அவற்றுள் ஒன்று அருமையான மூன்றாம் கடைவாய்ப்பல். அதன் மடிப்பொன்றின் அடியில் ஒரு சிட்டிகைச் செம்மண் தப்பியிருந்தது. மீதியைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டார். பிறப்பிடத்தைப் பற்றிய ஒரே துப்பு அந்த மண்தான். பசையிலும் வார்னிஷிலும் உள்ள கார்பனும் சோதனையைக் குழப்பும். பல்லைக் கண்டால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள், எதையும் பூசாதீர்கள். கிடந்த இடத்தோடு படமெடுத்து, அடுக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்காகப் பல்லையே பொடியாக்கிவிடுவீர்களா?

இல்லை. ஓர் அரிசி மணியின் எடைகூட வேண்டாம். சில மில்லிகிராம் தூள் போதும்.

கோடை, மழைக்காலம்கூடத் தெரியுமா?

தெரியும். குதிரையின் நெடிய கடைவாய்ப்பல் உருவாக ஓராண்டுக்கு மேலாகும். மேலிருந்து வேர் வரை வரிசையாகச் சுரண்டி, ஆக்சிஜனின் கனமான வகையான ஆக்சிஜன்-18ஐ அளந்தால், அது குடித்த நீரின் ஏற்ற இறக்கம் அலையாகத் தெரியும். முதல் கடைவாய்ப்பல் தாய்ப்பால் பருவத்திலேயே உருவாகத் தொடங்குவதால், முடிந்தவரை மூன்றாவதையே எடுங்கள். இலையிலிருந்தே நீர் பெறும் விலங்கின் அளவைக் குடிநீரின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பல் உயரமாக இருந்தால் அது புல்வெளி விலங்குதானே?

அவசரப்படாதீர்கள்; உயரமான பல் தேய்மானத்தைத் தாங்குவதற்கானது. புல் மட்டுமல்ல, தீனியோடு சேரும் மண்ணும் தூசியும் கூடப் பல்லைத் தேய்க்கும்.

பல்லை வைத்தே காலத்தையும் கணிக்கலாமா?

சிவாலிக்கில் காலக்கணக்குக்கு முதன்மை ஆதாரம் பாறையடுக்குகளில் பதிந்துள்ள பூமியின் காந்தப் புலத் திசைமாற்றங்கள். அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன்: எந்த அடுக்கு?